மூஞ்சி மட்டும் வேண்டாம்

படத்தில் இருக்கும் ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டுத் தமிழை வைப்பது சுலபம். அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து வரைந்து நிரப்புவதுதான் எங்கள் தொழில். 'தடால்' என்று சத்தத்தைக் காட்டும் பெரிய எழுத்தை எடுத்தால் அதோடு பாதி மரமும் ஒரு ஆளின் தோளும் போய்விடும். அவற்றை நாம்தான் திரும்ப முளைக்க வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாம் செய்தது யாருக்கும் தெரியாது. காமிக்ஸ் வேலையில் கண் எரிய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள். செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கைபேசியில் படிக்கும் 'மாங்கா' என்கிற ஜப்பானியக் காதல் காமிக்ஸ் கதைகளுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஷமீம் அக்கா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்; இங்கிலீஷ் வழியாக வரும் வசனங்களைத் தமிழாக்குவது அவர். சென்னையில் கம்பெனியின் எடிட்டர் ஒருவர் சரிபார்ப்பார். சமீபத்தில் வந்த கதைகளில் எல்லாம் கதாநாயகி ஓவியக் கல்லூரி மாணவியாகவே இருந்தாள். எடிட்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஓவியம் படிக்கும் பெண்ணின் காதல் கதையை நம் ஊரில் நடப்பதுபோல் நானே ஒரு அத்தியாயம் வரைந்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் தொடராகப் போடுவார்கள். அடுத்தவர் படத்தில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தப் பெயரில் படம். எதன்மீதும் இவ்வளவு ஆசை எனக்கு ரொம்ப நாளாக வந்ததில்லை.

வெள்ளை கவுன்

மாங்காவில் ஓவியம் படிக்கிற பெண்ணுக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு நீலம் இருந்தே தீர வேண்டும். கதாநாயகன் அதைக் கட்டைவிரலால் துடைப்பான், பக்கம் முழுக்கப் பூ உதிரும். அது ஆயில் பெயின்ட், துடைத்தால் காது வரைக்கும் இழுபடும் என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. முதல் வருடம் நான் லீவுக்கு வந்தபோது அம்மா என் முழங்கையை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தே தோலை எடுத்துவிட்டாள். பூ எதுவும் உதிரவில்லை.

அந்தப் பெண்கள் கேன்வாஸ் முன்னால் உட்காரும்போது வெள்ளை கவுன்தான் போடுவார்கள், சாயங்கால வெயில் அதில் விழ வேண்டுமே. அப்படி ஒரு பக்கத்தை நான் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இவ்ளோ அழகா வரையிது அந்தப் பொண்ணு. அது வூட்ல ஒரு பழைய நைட்டி கூடவா இல்ல?"

பூந்தொட்டிக்கு மோதிரம்

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் வாசகர்கள் குழம்புவார்கள் என்று கம்பெனியில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டார்கள். விளைவு, கதையில் எல்லாரும் இடதுகைக்காரர்கள் ஆனார்கள். கதாநாயகி இடது கையில் தூரிகை பிடித்தால் பாதகமில்லை. உச்சக்கட்டத்தில் கதாநாயகன் இடது கையால் மோதிரத்தை நீட்டியதும் ஷமீம் அக்கா முகத்தைச் சுளித்தார். "லெஃப்ட் ஹேண்ட்லயா குடுக்கிறான்? இவனுக்கு எங்க வூட்ல பொண்ணே குடுக்க மாட்டாங்க."

நியாயமாகப் பட்டது. அவன் தனியாக நிற்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறுபடி திருப்பி வலது கையாக்கி, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அனுப்பினேன். கை மாறினால் ஆள் பார்க்கும் திசையும் மாறும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எடிட்டர் போன் செய்தார். "மேடம், பொண்ணு இந்தப் பக்கம் நிக்குது. இவன் எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி பூந்தொட்டிக்கு மோதிரம் குடுக்கறான்?"

கிழிப்பதும் வெள்ளையடிப்பதும்

மாங்காவில் படைப்பு வேதனை ஒரு பக்கம்தான். வெளியே மழை பெய்யும், அவள் கத்தியெடுத்துக் கேன்வாஸைக் கிழிப்பாள், அவன் நனைந்தபடி ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பான். அடுத்த பக்கத்தில் படம் முடிந்து கண்காட்சியில் தொங்கும். நடுவில் அவள் என்ன செய்தாள், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள் என்று கேட்கக் கூடாது. அவள் வரைவதே அவன் வந்து பார்ப்பதற்காக என்பதுபோல் இருக்கும்.

எங்கள் வகுப்பில் யாரும் எதையும் கிழித்ததில்லை. படம் சரியாக வராவிட்டால் அதன்மேல் வெள்ளையடித்துக் காயவிட்டு வேறு வரைவோம். என் கடைசி வருடப் படத்துக்கு அடியில் ஒரு எருமையும், அதற்கும் அடியில் என் தோழி ஒருத்தியும் இருக்கிறார்கள். காய்வதற்காகக் காத்திருப்பது, ஒரே முழங்கையைத் திரும்பத் திரும்பப் போடுவது, எதிரில் உட்கார்ந்து வெறுமனே பார்ப்பது, படிப்பில் பாதி இதுதான். அந்த அலுப்பு எனக்குப் பிடிக்கும், உண்மையாகவே பிடிக்கும். என் அத்தியாயத்தில் கதாநாயகி வெள்ளையடிப்பதை ஆசையாக வரைந்து, பென்சில் படத்தை எடிட்டருக்கு அனுப்பினேன். "வெள்ளையடிச்சா யாரு மேடம் அழுவாங்க? பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு."

கல்யாண மகால்

பின்னணி வரைவதற்காகக் கோட்டைக்குப் போனேன். மாங்காவில் அவள் தனியாக வரைந்துகொண்டிருப்பாள். பின்னால் ஒருவன் சத்தமில்லாமல் வந்து நின்று காதலில் விழுவான். என் பின்னால் முதலில் ஒரு குரங்கு வந்து ரப்பரைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு வல்லத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து, இதை எந்த ஆபீசில் வரையச் சொன்னார்கள் என்று விசாரித்தார்.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் வளைவுக்குக் கீழே படியில் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தன் பங்கில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கிப் பொறுக்கி அவளுடைய டப்பா மூடியில் வைத்தான். அவள் கவனிக்காததுபோல் எடுத்துச் சாப்பிட்டாள். நான் வரைய வந்தது வளைவை. கை அவர்களையும் போட்டுவிட்டது. அந்தப் பெண் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். பயத்தில் அவளுக்கு உதடு காய்ந்திருந்தது. "படம் நல்லா இருக்குதுக்கா. எங்க மூஞ்சிய மட்டும் போடாதீங்க." போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவள் மறுபடி சொன்னாள். "எங்க வூட்ல தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க."

நாக்கு

அத்தியாயத்தில் அவர்களை முதுகுப் பக்கமாகவே வரைந்தேன். என் கதாநாயகி தூரத்தில் உட்கார்ந்து அவர்களை வரைகிறாள், அவ்வளவுதான் கதை. எடிட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. மாங்கா என்றாலே கண்தான், அந்த இரண்டு பேரையும் இந்தப் பக்கம் திருப்பினால் அத்தியாயம் உண்டு என்றார். அத்தியாயம் கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. திருப்பிவிட்டால் கைக்கு வந்தது நிலைக்கும், கேட்பதற்கும் யாருமில்லை. ஆனால் அந்தக் காய்ந்த உதடு என்னை விடவில்லை.

கண்தானே வேண்டும், கதாநாயகியின் முகத்தையே பெரிதாகக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். வரையும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அம்மாவை போட்டோ எடுக்கச் சொன்னேன். ஒரு கண் இடுங்கி, நாக்கு பல்லுக்கிடையில் எட்டிப் பார்க்க, காலில் முள் எடுப்பவள் மாதிரி இருந்தேன். மாங்காவில் இந்த முகம் வந்ததே இல்லை. அப்படியே வரைந்து அனுப்பினேன். "இந்த மூஞ்சியப் பாத்து எவன் மேடம் லவ் பண்ணுவான்?"

முதுகு

அப்படிச் சொன்னவர்தான் அதைத் தன் மேலதிகாரியிடமும் காட்டியிருக்கிறார். மேலதிகாரிக்கு அந்த நாக்கு பிடித்துப்போய்விட்டது. வெளியிடுவதாக முடிவானதும் நான் துணிக்கடைக்குப் போனேன். முகம் போடவில்லை, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகக் காட்டத்தான்.

அவள் என்னைப் புடவை அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போய் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அவனுடைய கூனல், அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் விதம், நுனியில் சுருண்ட பின்னல். வெகுநேரம் பார்த்தாள். "முதுகப் பாத்தே எங்கம்மா கண்டுபுடிச்சிடும்க்கா."

படி

என் வரைதலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, செய்ய வேண்டியது தெரிந்துவிட்ட வருத்தம் மீதி. வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் அழித்தேன். அடியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் படிக்கல்லை வரைந்தேன், தூணின் அடிப்பாகத்தை வரைந்தேன், வளைவின் நிழலை இழுத்து விட்டேன். அவர்கள் இருந்த சுவடு இல்லை. என் பிழைப்பே அதுதானே. கதாநாயகி நாக்கைத் துருத்திக்கொண்டு காலிப் படியைப் பார்த்து வரைகிறாள். எடிட்டருக்கு ஒரே டென்ஷன், ஆனாலும் போட்டார்.

கதாநாயகி யாரைப் பார்க்கிறாள் என்று வாசகர்கள் கேட்டார்கள். செத்துப்போன காதலனை என்றார் ஒருவர், வரப்போகிறவனை என்றார் இன்னொருவர். அடுத்த அத்தியாயம் வேண்டும் என்று எடிட்டர் போன் செய்தார். அன்று பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கைபேசியில் என் படம். இரண்டு விரலால் பெரிதாக்கி, காலிப் படியில் சரியாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதானக்கா உக்காந்திருந்தோம்."

ஆளே இல்லாத படத்தில் காதல் இருப்பதாக நம்பி எனக்கு ஒரு தொடரைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் எழுத்தை அழித்துக்கொண்டிருந்தவள் சொந்தப் படத்தையே அழிக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டேன் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.