ஆளுக்குப் பாதி நோட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வருஷம் நடந்ததில் பாதி அதனால் வந்த வினை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எழுதிய முதல் நீட் தேர்வில் நானும் என் தோழியும் சேர்ந்தே கோட்டை விட்டோம். ஆம்பூர்ப் பக்கம் இருவருக்கும் ஒரே தெரு, ஒரே அரசுப் பள்ளி. எங்கள் அம்மாக்கள் ஒரே ஷூ கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறவர்கள். என் அம்மா மேல்தோல் தைக்கும் மெஷினில் உட்காருவாள். அவள் அம்மா அடிப்பாகத்துக்குப் பசை தடவும் வரிசையில் நிற்பாள்.

பொதுப் பட்டியல் போக, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக உள் ஒதுக்கீடு உண்டு. அதில் எம்பிபிஎஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல் மருத்துவம்தான் கைக்கு எட்டும் தூரம். எனக்கு எது கிடைத்தாலும் சரிதான். அவளுக்கு அப்படியில்லை. போர்வெல் தண்ணீர் குடித்துக் குடித்து அவள் முன்பற்களில் பழுப்புக் கறை. சின்ன வயதிலிருந்தே அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பல் டாக்டராவது என்று தீர்மானித்திருந்தாள். "பல்லப் புடுங்குறதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணுமா?" என்று தெருவில் கேலி பேசியவர்களிடம், "உன் பல்ல ஒரே நிமிஷத்துல புடுங்கிக் காட்டட்டுமா?" என்று கேட்டு வாயை மூட வைப்பாள்.

அவள் அப்பா ஒரு வருஷம்தான் தவணை கொடுத்தார். "இந்த ஒரு வருஷம் படி. சீட்டு வந்தா போ. வரலன்னா கம்பெனி. அதுக்கு மேல என்னக் கேக்காத." என் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். ஆனால் என் அப்பா கொஞ்சம் அசைவார். அவள் அப்பா அசையவே மாட்டார்.

வேலூரில் கோச்சிங் சேர வழியில்லை. பழைய வினாத்தாள்களையும் பாடப்புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, அம்மாக்களின் வேன் கிளம்பியதும் அவள் வீட்டு மாடியறையில் உட்காருவோம். தகரக் கூரை. பதினோரு மணிக்கு மேல் தலை கொதிக்கும். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆமாம், என் யோசனைதான். இதை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியாது.

எங்கள் ஊரில் ஒரு ஷூவை முழுசாகச் செய்யத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் யாரையும் காட்ட முடியாது. ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் தைப்பார், ஒருத்தர் பசை தடவுவார், கடைசியில் பெட்டிக்குள் ஜோடி போய் விழும். அப்படிச் செய்தால்தான் வேலை ஓடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாடத்தையும் அப்படியே ஓட்டலாம் என்று தோன்றியது.

"இத்தனையும் ரெண்டு பேரும் தனித்தனியா நோட்டு எழுதுனா எப்ப முடிக்கறது? லைன் போட்டுக்கலாம். நான் பயாலஜி முழுக்க எழுதுறேன். நீ பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எழுது. வாரா வாரம் மாத்திக்கலாம்."

"உனக்கு பிசிக்ஸ்னா பேஜாரு, அதானே?"

"அதுவும்தான்."

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். கணக்கில் அது சரி பாதிதான். மொத்த மார்க்கில் உயிரியலுக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் சேர்த்துப் பாதி. ஆனால் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மார்க் விழுகிற பாதி எது, விழாத பாதி எது என்பது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எழுதினேன், எப்படி எழுதினேன்! நீளநோட்டில் பக்கத்தை நெடுக்குவாக்கில் மடித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. விதி நீலத்தில், விதிவிலக்கு சிவப்பில். ஒரு பாடத்தை மூன்று தடவை படிப்பேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை மட்டும் ஒரு வெற்றுத்தாளில் கிறுக்குவேன். விட்டுப்போனதைத் திறந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் நோட்டில் ஏற்றுவேன். இரண்டு பக்கப் பாடம் நாலு வரியாகச் சுருங்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. சிறுநீரகத்தின் நெஃப்ரானை வரைந்து கலர் கொடுத்த அன்று, அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டலாம் என்று அவள் அம்மாவே சொன்னாள்.

அவள் நோட்டு பார்க்கச் சகிக்காது. கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும், அது எந்த இடத்தில் செல்லாது என்று ஒரு வரி எழுதியிருப்பாள். சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம். என் நோட்டு அவள் கைக்குப் போகும்போது கல்யாணப் பெண்ணை அனுப்புவது போல எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஞாயிறு காலையில் மணி வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை எழுதுவோம். பிறகு அவள் தாளை நான் திருத்துவேன், என் தாளை அவள். தன் தாளைத் தானே திருத்தினால் மனசு ஏமாற்றும் என்று இந்த ஏற்பாடு.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மரபியலில் தப்பு. சுவாசத்தில் தப்பு. நான் சுவரில் ஒட்டும் அழகில் வரைந்து கொடுத்த நெஃப்ரானிலேயே தப்பு. முந்தைய வாரத் தாள்களை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. நான் எழுதிக் கொடுத்த இடத்திலெல்லாம் அவள் வழுக்கியிருந்தாள்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான் பாடம் உள்ளே இறங்குகிறது. மண்டையை உடைத்துக்கொண்டது நான். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் நாலு வரி. அந்த நாலு வரிக்குப் பின்னால் இருந்த இரண்டு பக்கம் என்னிடமே தங்கிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் எனக்கு உதவியது, அவளுக்குத்தான் உதவவில்லை.

தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நோட்டைத் தூக்கிப் போடு, நீயே புத்தகத்திலிருந்து எழுது என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"எப்டி இருக்குது?" என்றாள்.

"பரவால்ல. சில எடத்துல மறந்துட்ட. நோட்ட இன்னொரு தடவ நல்லாப் படி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்குச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. எங்கள் இருவர் பேரும் ஒரே பட்டியலில், ஒரே பிரிவில் வரும். அவள் ஒரு படி கீழே இருந்தால் நான் ஒரு படி மேலே இருப்பேன். அது என் மனசில் ஓடியது. ஓடியது என்ன, உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகும் வாரா வாரம் அவள் தப்புகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். வாரா வாரம் அதே புத்திமதியைச் சொன்னேன். அவளும் தலையாட்டிக்கொண்டு என் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கங்களின் ஓரம் நைந்து போயிற்று.

முடிவு வந்தது. எனக்கு உயிரியல் தூக்கிவிட்டது; இயற்பியலில் மட்டும் மண்ணைக் கவ்வினேன். எம்பிபிஎஸ் தவறி, சென்னையில் பல் மருத்துவ இடம் கிடைத்தது. எங்கள் பிரிவில் அவளுக்கு முந்திய ஆளோடு இடங்கள் தீர்ந்துபோயின. ஒரே ஒரு ஆள். எனக்குச் சேர்க்கை ஆணை வந்த அன்று அவள் அம்மா எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டாள். அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் அவள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். ஆனால் அப்பாவிடம் ஒன்று மட்டும் வாங்கிவிட்டாள்: வேலைக்குப் போய்க்கொண்டே இன்னொரு தடவை எழுதிக்கொள்ளலாம் என்ற அனுமதி.

சென்னைக்குக் கிளம்பும் முன் என் நோட்டுகள் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பையைத் திறக்கவே இல்லை.

"வேணாம். இதப் படிச்சித்தான் போன வருஷம் போச்சி. நானே எழுதிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப நான் என்னதான்டி பண்றது?"

"எனக்கு மத்தியானம் அரைமணி நேரம் சாப்பாட்டு பெல்லு. போன் பண்றேன். புக்கு பாக்காம ஒரு பாடம் சொல்றேன். நீ கேளு. எங்க தப்போ அங்க மட்டும் நிறுத்து. விடைய நீ சொல்லாத, நான் தேடிக்கிறேன்."

அப்படித்தான் அந்த வருஷம் ஓடியது. கல்லூரியில் எனக்குக் காலையெல்லாம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் வேலை. மதியம் கையில் மெழுகுப் பிசுக்கோடு வராந்தாவில் நின்று காதில் போனை வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் கேன்டீன் சத்தம், டிபன் டப்பா சத்தம், நடுவில் அவள் குரல்: இதயத்துக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது. தப்பாகச் சொன்னால் "நில்லு" என்பேன். "எங்க?" என்பாள். "சொல்ல மாட்டேன்" என்பேன். "சொல்லாத, சொல்லாத" என்று அவசரமாக வைத்துவிடுவாள். சாயங்காலம் வேனில் வரும்போது கண்டுபிடித்துச் செய்தி அனுப்புவாள். தப்பானதை மட்டும் எழுத ஒரு சின்ன நோட்டு, பேக்கிங் மேசையில் பெட்டிகளுக்கு அடியில் இருக்குமாம். ஒரு தப்பு மூன்று நாள் திரும்ப வராவிட்டால்தான் அதை அடிப்பாளாம்.

அவளோடு சாப்பிட உட்காரும் பெண்களுக்கு முதலில் வேடிக்கை. பிறகு பழகிவிட்டது. "இன்னிக்கி இன்னா, ஹார்ட்டா கிட்னியா?" என்று ஒரு அக்கா கேட்பது எனக்கே போனில் கேட்கும். ஒரு நாள் நான் நிறுத்துவதற்கு முன்பே அந்த அக்கா நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, போன வாரம் சுத்த ரத்தம் இடது பக்கம்னியே. இப்ப வலதுன்ற?"

எனக்கு வராந்தாவில் சிரிப்பு தாங்கவில்லை. அவள் மட்டும் சிரிக்காமல், "அக்கா, நீங்களும் பரிச்ச எழுதிடுங்க" என்றாள்.

மேலே தகரமில்லாத அறை, மெத்தை, மின்விசிறி என்று எல்லாம் எனக்கு அமைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு மதியமும் அவள் சரியாகச் சொல்லச் சொல்ல எனக்குள் என்னவோ அரித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இத்தனை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவளை நான்தான் ஒரு வருஷம் முடக்கிப் போட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். தேர்வு நேரத்தில் அவள் மனசைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்குச் சாக்கு கிடைக்காமலா போகும்?

அந்தத் தடவை அவளுக்குக் கிடைத்துவிட்டது. பல் மருத்துவம்தான், வேறு கல்லூரி. ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு, பேக்கிங் அக்காக்களுக்கு இனிப்பு கொடுத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் விடுமுறைக்கு வந்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. சீட்டு கிடைத்த பிறகு சொல்வது எளிது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். பொங்கல் கழிந்த அந்த ஞாயிறு, அடுக்கிப் பார்த்த தாள்கள், என் மனசில் உட்கார்ந்துகொண்ட நினைப்பு, எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சிது. தெரிஞ்சே உன்ன என் நோட்டப் படிக்க வெச்சேன்."

அவள் கையிலிருந்த ஆணையை நாலாக மடித்தாள்.

"உன் பேப்பர யார் திருத்துனது?" என்று கேட்டாள்.

"நீதான்."

"என்னா பாத்தேன்னு நெனக்கிற? வாரா வாரம் பிசிக்ஸ்ல நீ அதே எடத்துல விழுந்த. என் நோட்டு உனக்கு ஏறலன்னு எனக்கும் பொங்கலுக்கே தெரியும். சூத்திரத்த இன்னொரு வாட்டி பாருன்னு சொன்னேனா இல்லியா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சத்தியமாகக் கோபம். ஒரு வருஷம் எனக்குச் சோறு ஒட்டவில்லை. இவள் இதை மடியில் கட்டிக்கொண்டா மதியானம் மதியானம் எனக்குப் பாடம் சொன்னாள்? ஏதாவது சுடச்சுடச் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"பயாலஜில உன்ன எட்ட முடியாதுன்னு தெரிஞ்சிப்போச்சி. பிசிக்ஸயும் விட்டுக்குடுத்தா எனக்கு இன்னாடி மிச்சம்? அதான் வாய மூடிக்கிட்டேன்" என்றாள். பிறகு மெதுவாக, "பெட்டி மடிக்கச்சொல்ல தெனமும் இதத்தான் யோசிப்பேன். நான் பிசிக்ஸ ஒழுங்கா சொல்லிக்குடுத்திருந்தா நீ பொது லிஸ்ட்டுலயே எம்பிபிஎஸ் போயிருப்ப. எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுதான் ஜாஸ்தி. நம்ம ஒதுக்கீட்டுல உன் எடம் காலியாயிருந்தா லிஸ்ட்டு ஒண்ணு நகந்து எனக்கு வந்திருக்கும்."

நான் எண்ணிப் பார்த்தேன். ஆமாம், வந்திருக்கும்.

"ரெண்டு பேரும் போயிருப்போம்டி" என்றேன்.

"போயிருப்போம்" என்றாள். ஒரு வருஷம் அட்டைப்பெட்டி மடித்ததில் அவள் விரல் நுனியெல்லாம் கீறல். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழாதே என்று அவள் சொல்லவில்லை.