பேபிக்கு டயட் வச்ச கத

1. மொத எட

மொத தடவ பேபிய வேபிரிட்ஜ்ல ஏத்துன அன்னைக்கு, முன்னால ஒரு உப்பு லாரி, பின்னால ஒரு உப்பு லாரி, நடுவுல நானும் வெள்ளக் குதிரயும். லாரிய அப்படியே இரும்பு மேடையில ஏத்தி எட போடுவாங்கல்லா, அந்த எடம்தான். ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னால இருந்த தங்கராசு அண்ணாச்சி கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு எட்டிப் பாத்தாவ.

"ஏளா மெர்சி, இது என்ன லோடுளா?"

"குதிர அண்ணாச்சி."

"அது தெரியுது. கம்ப்யூட்டரு வண்டி நம்பர் கேக்குமே, என்னத்தப் போட?"

"பேபின்னு போடுங்க."

போட்டாவ. வெளிய செவப்பு லைட்டுல நானூத்தி இருவதுன்னு வந்துச்சு. "நீ எறங்குளா, ஒன்னையும் சேத்துல்லா காட்டுது"ன்னாவ. எறங்குனேன். முந்நூத்தி எம்பது.

குதிர வாங்கி கல்யாண ஆர்டர் எடுக்கணும்னு ஆசப்படுத பயலுவோ என்கிட்ட போன்ல யோசன கேக்கானுவோ. அவனுவளுக்காகத்தான் இத எழுதுதேன். எனக்கு எழுத்து வராது, எட்டாங்கிளாஸ் பாதியில நின்னவ. பேசுத மாதிரியே எழுதிருக்கேன், பொறுத்துக்கிடுங்க.

பேபி எங்க சேவியர் அண்ணனோட குதிர. கல்யாணத்துல மாப்பிள்ளய ஏத்துவான், ஞாயித்துக்கெழம பீச்சுல புள்ளைவள ஏத்துவான். போன மே மாசம் காய்ச்சல்னு படுத்தான். அவ்வளவுதான். ஆசுபத்திரியில இருந்து நானும் அம்மையும் ஆட்டோவுல வரும்போது அவன் செருப்பு மட்டும் என் மடியில இருந்துச்சு.

அவன் காய்ச்சல்ல விழுததுக்கு ரெண்டு வாரம் முன்னால பேபிய டெம்போவுல ஏத்திட்டு உடன்குடிப் பக்கம் போனான். எதுக்குன்னு சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு வாரான், பேண்டெல்லாம் செம்மண்ணு. எங்கம்ம பிடிபிடின்னு பிடிச்சுட்டா.

"எங்கனல போன?"

"நமக்கு ஒரு பார்சல் வருதும்மா. வாரப்ப பாரு."

"என்ன பார்சலுல?"

சிரிக்கான். நான் பிரிட்ஜ்னு நெனச்சு கொடத்த வைக்குத எடத்த எல்லாம் ஒதுக்கி வச்சேன். எங்கம்ம, பய தவணைக்கு பைக் எடுத்துட்டான்னு முடிவு பண்ணி அவன்கிட்ட பேசுததையே நிப்பாட்டிட்டா. அவன் போன பொறவு, கூரியர் பையன் தெருவுக்குள்ள வந்தாலே வாசல்ல போயி நிப்பா. "சேவியர் பேருக்கு எதும் இருக்காப்பா?"

"இல்லக்கா."

இது எத்தன தடவன்னு கணக்கே கெடையாது.

2. தவசு

அண்ணன் போன பொறவு நாந்தான் பேபிய ஓட்டினேன். பொட்டப்புள்ள குதிரய பிடிச்சிட்டு வருதேன்னு மொதல்ல சிரிச்சானுவோ. அத விடுங்க. கஷ்டம் என்னன்னா, பேபி குண்டாயிட்டே போச்சு. சேணத்த வயித்துக்கு அடியில கட்டுத வாரு கடைசி ஓட்டைக்கும் எட்டல. சேணம் கட்டாம மாப்பிள்ள எப்படி ஏற? ஒவ்வொரு ஆர்டரா விட்டுட்டு வாரேன்.

எங்கம்மைக்கு குதிரய விக்கணும்னுதான் நெனப்பு. தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா, அண்ணன்னு நெனச்சு பேபி காத நட்டுக்கிட்டு வாசலப் பாக்கும். அதப் பாத்து எங்கம்ம உள்ள போயிருவா. "வேல செய்யாத குதிர எதுக்குளா? வித்துருவோம்"னா. மதுரையில கல்யாணக் குதிர நடத்துத ஒரு பார்ட்டிகிட்ட பேசியும் வச்சுட்டா. நான் அழுது பெரண்டு ஒரு வாய்தா வாங்கினேன். தவசு காலத்துல, ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாளு, எங்க ஆளுவோ கல்யாணம் வைக்க மாட்டாவல்லா, ஆர்டரும் கெடையாது. ஈஸ்டருக்குள்ள வாரு மாட்டுச்சுன்னா பேபி நம்ம வீட்டுல. மாட்டலன்னா மதுரைக்கு.

அப்படித்தான் பேபிக்கும் தவசு ஆரம்பிச்சுச்சு. கொள்ளு கட். தவிட்டுல பாதி கட். காலையில பீச்சு ரோட்டுல நட. வாரா வாரம் வேபிரிட்ஜ்ல எட.

எட கூடுது!

"ஏளா, டயட் குதிரைக்கா ஒனக்கா?"ன்னு அண்ணாச்சி கேக்காவ. "நீதான் ஒட்டிப்போயி நிக்க. அது மாப்பிள்ள வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரில்லா நிக்கி."

காரணத்த நானே கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சேன். எங்கம்ம மக்ரூன் போடுத பேக்கரியில வேல பாக்கா. ஒடஞ்ச மக்ரூன வீட்டுக்குக் கொண்டு வருவா. ஒருநா காலையில பாக்கேன், விக்கணும் விக்கணும்னு நிக்குத அதே பொம்பள, முந்தானையில மக்ரூன வச்சுக்கிட்டு பேபிக்கு ஒண்ணொண்ணா ஊட்டுதா.

"எம்மா! நான் இங்கன கொள்ள கட் பண்ணிட்டு இருக்கேன்!"

"ஒடஞ்சதுதானளா. தூரப் போடுததுக்கு..."

"நீதான விக்கணும்னு சொல்லுத?"

"விக்குத வரைக்கும் பசியோட நிக்கணுமாக்கும்?"

சீனியும் முந்திரியும் தின்னா எட கூடாம என்ன செய்யும்? மக்ரூனையும் கட் பண்ணுனேன். அப்பவும் கூடுது. பேபிக்கு மடியும் கனத்துச்சு. அதையும் கொழுப்புன்னே நெனச்சேன். இத எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருது. ஆனா ஊருக்குள்ள ஆம்பளக் குதிரயே கெடையாதே, வேற என்னன்னு நெனைக்க?

3. பெரிய சனிக்கெழம

வாய்தா முடிஞ்ச அன்னைக்கு, பெரிய வெள்ளிக்கு மறுநா, மதுர பார்ட்டி வந்துட்டாரு. வெள்ள வேட்டி, கழுத்துல கைக்குட்ட. எட பாத்துதான் வெல சொல்லுவேன்னாரு. எங்கம்மையும் கூட வந்தா. வேபிரிட்ஜ்ல பேபிய ஏத்துனோம்.

ஏறுனதும் பேபிக்கு அப்படியே வேர்த்து ஊத்துது. ரெண்டு தடவ வயித்தத் திரும்பிப் பாத்துச்சு. வாலத் தூக்குச்சு. முட்டி மடங்கி, இரும்பு மேடையில பொத்துன்னு படுத்துட்டு.

நாம பட்டினி போட்டே கொன்னுட்டோம்னு நெனச்சேன். பின்னால லாரிக்காரனுவோ ஆரன் அடிக்கானுவோ. மொத லாரி டிரைவரு மட்டும் எறங்கி வந்தாரு. மாடு வளக்குத வீட்டு ஆளாம். பேபிக்குத் தண்ணி கொடகொடன்னு கொட்டிச்சு. அதுக்குப் பின்னால வெள்ளையா பலூன் மாதிரி என்னமோ வெளிய வந்துச்சு.

"அண்ணாச்சி, பேபிக்குக் கொடல் சரியுது!"ன்னு கத்துனேன்.

டிரைவரு குனிஞ்சு பாத்தாரு. "கொடலுக்கு ஏதும்மா குளம்பு?"

ஆமா, குளம்பு. சவ்வுக்குள்ள ரெண்டு சின்னக் குளம்பு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. நுனி எளநி வழுக்க மாதிரி மெதுமெதுன்னு. அந்தக் கால் முட்டியில மூக்க வச்சு ஒறங்குத மாதிரி ஒரு மூஞ்சி.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். "இழுக்காதீங்க. மூக்கு மேல சவ்வு இருந்தா மட்டும் எடுத்து விடுங்க. தொப்புள்கொடிய அறுக்காதீங்க, அது தானா அறும். நான் வாரேன்"னாரு. அதுக்குள்ள கூட்டம் மேடையில ஏறிட்டு. ரூமுக்குள்ள இருந்து அண்ணாச்சி மைக்ல கத்துதாவ.

"ஆளுவோ எறங்குங்கலே! எட தப்பாக் காட்டுது!"

"பிரசவத்துல எட எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு மெசின் முக்கியம்லே! எறங்கு!"

பேபி ஒரு முக்கு முக்குச்சு. தோள் வந்துச்சு. பொறவு மிச்சம் எல்லாம் வழுக்கிட்டு ஒரேயடியா என் மடியில வந்து விழுந்துட்டு. சூடு. அவ்வளவு சூடா இருக்கும்னு நான் நெனைக்கல. மூக்குச் சவ்வ விரலால கிழிச்சு விட்டேன். அசையல. நான் மூச்சே விடல. பட்டுன்னு ஒரு தும்மல் போட்டுச்சு, என் மூஞ்சி பூரா. மொதல்ல ஒரு காது நிமிந்துச்சு. அப்பறம் இன்னொண்ணு. ஆம்பளக் குட்டி. தாய் வெள்ள, இது நல்ல கருப்பட்டிக் கலரு.

பேபி எந்திரிச்சுச்சு, கொடி தானா அறுந்துச்சு. ஆனா குட்டிய மோந்து பாக்கு, நக்க மாட்டேங்கு. டிரைவரு சொன்னாரு: "எங்க வீட்டுல மாடு நக்கலன்னா கன்னுக்குட்டி மேல கொஞ்சம் உப்பத் தடவுவோம்." பொறவு தன் லாரியத் திரும்பிப் பாத்துட்டு, "ஒரு பிடி போதுமா, லோடோட எறக்கவா?"

அவரு உப்பள்ளுததுக்குள்ள பேபி தொண்டைக்குள்ள ஒரு சத்தம் போட்டுச்சு. கொர்கொர்னு, மெதுவா. அந்தச் சத்தத்த அது அதுக்கு முன்னால யாருக்கும் போட்டதில்ல. அப்பறம் நக்க ஆரம்பிச்சது நிப்பாட்டவே இல்ல.

குட்டி எந்திரிக்கப் பாக்குது. நாலு காலும் நாலு தெசைக்குப் போகுது, இரும்புத் தகடுல வழுக்கி மூக்கு குத்த விழுகுது. ஆரன் அடிச்ச அதே டிரைவருமாருவோ லாரியில இருந்து வெறுஞ்சாக்க கொண்டாந்து விரிச்சானுவோ. விழுந்து விழுந்து, கடைசியில நின்னுட்டு, ஸ்டூல் மாதிரி கால விரிச்சுக்கிட்டு. எல்லாரும் கை தட்டுனானுவோ. அது பயந்து திரும்ப விழுந்துட்டு. பொறவு எந்திரிச்சு, தாயோட முன்னங்காலு, என் சுடிதாரு, மதுரக்காரரு வேட்டின்னு எல்லாத்தையும் சப்பிப் பாத்துட்டு, ஒருவழியா மடியக் கண்டுபிடிச்சுச்சு.

4. பார்சல்

"ஏளா, மெசின் ரிப்பேராயிட்டோ? ஒண்ணு ரெண்டாயிட்டு, நம்பர் அப்படியே நிக்கி"ன்னாவ அண்ணாச்சி.

"ரெண்டும் மேலதான அண்ணாச்சி நிக்கி"ன்னாரு டிரைவரு.

மதுரக்காரரு வேட்டியத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு: "குதிர பதினோரு மாசம் சொமக்கும்க்கா. போன வருசம் எங்கிட்டுக் கொண்டு போய்ச் சேத்தீக?"

எங்கம்ம குட்டியப் பாத்துட்டே நிக்கா. "செம்மண்ணு"ன்னா.

எனக்கும் அப்பத்தான் எட்டுச்சு, அண்ணன் பேபிய உடன்குடிப் பக்கம் கொண்டு போனது எதுக்குன்னு.

எங்கம்ம செருப்பக் கழத்திப் போட்டுட்டு மேடையில ஏறுனா. நம்பர் கூடிச்சு. அண்ணாச்சி மைக்க கீழ வச்சுட்டாவ.

மதுரக்காரரு வேவாரி இல்லியா? "தாயும் புள்ளையுமா நானே எடுத்துக்கிறேன்க்கா. நல்ல வெலயாப் போட்டுத் தர்றேன்"னாரு.

எங்கம்ம குட்டி முதுக முந்தானையால தொடச்சுக்கிட்டே, "எம் மவன் அனுப்புன பார்சல் இப்பத்தான் வந்திருக்குய்யா. பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க போயிட்டு வாங்க"ன்னா. சொல்லி முடிச்சுட்டுதான் அழுதா. மே மாசம் அழாத அழுகையெல்லாம் அன்னைக்கு வேபிரிட்ஜ்ல அழுதா. பின்னால லாரி அவ்வளவு நிக்கி, ஒருத்தன் ஆரன் அடிக்கல.

தொழிலுக்கு வாரவுங்களுக்கு நான் சொல்லுதது இதுதான். குதிர குண்டானா தீனியக் கொறைக்காதிய, டாக்டரக் கூப்பிடுங்க. நான் கொறச்சதயெல்லாம் எங்கம்ம களவா ஊட்டுன மக்ரூனுதான் ஈடு கட்டியிருக்குன்னு நெனைக்கேன், இல்லன்னா என்ன ஆயிருக்குமோ. அப்பறம், குதிரய எங்க கொண்டு போறோம், எதுக்குன்னு வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. நாளைக்கு இருப்போம்னுதான் எல்லாரும் சிரிச்சுட்டுப் போறோம்.

குட்டிக்குப் பேரு பார்சல். இப்பல்லாம் கூரியர் பையன் தெருவுக்குள்ள வந்தா எங்கம்ம இருந்த எடத்த விட்டு எந்திரிக்கதில்ல. பார்சல்தான் வாசலுக்கு ஓடிப் போயி நிக்கி.