மூக்கக்காவும் திறக்கக் கூடாத மூடியும்

அந்தச் சமையல் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. மூக்கு ஒன்றும் பெரியதல்ல. ஆனால் கூடத்தின் ஒரு கோடியில் காய் கழுவிக்கொண்டிருக்கும்போதே, மறு கோடி அண்டாவில் வெங்காயம் எந்தப் பதத்தில் வதங்குகிறது என்று சொல்லிவிடுவாள். “கடைசி அண்டாவுல தண்ணி ஊத்துங்கப்பா, பிடிக்கப் போகுது” என்று அவள் குரல் வந்தால் யாரும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வதில்லை. நேராகத் தண்ணீர்க் குழாயைத்தான் திருகுவார்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் மதியச் சாப்பாடு அனுப்பும் கூடம் அது. ஓர் ஆள் இறங்கிக் குளிக்கலாம் என்ற அளவில் எவர்சில்வர் அண்டாக்கள். அவற்றின் இரட்டைச் சுவருக்கு நடுவில் நீராவி ஓடும். ஸ்டூல் மேல் ஏறி நின்று, படகு வலிப்பதுபோல் நீளத் துடுப்பால் கிண்ட வேண்டும். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த காலத்திலிருந்து கிண்டியதில் மூக்கக்காவின் தோள்கள் நன்றாக இறுகியிருந்தன. “வீட்டுல சண்டை வந்தா நான் முதல்லயே தோத்துடுவேன், உடம்புக்கு நல்லது” என்பார் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர்.

ஒரு நாள் பழைய அண்டாக்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். புதியவை வந்தன. அவற்றுக்குக் கனமான மூடி உண்டு. உள்ளே இரும்புக் கை ஒன்று தானாகக் கிண்டும். எண்ணெய், உப்பு, தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகத் தானாக இறங்கும். பக்கத்தில் ஒரு திரை, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. சமையல் கூடத்தில் நாற்காலியா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

மூக்கக்காவின் நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள்தான் அண்டாவுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள்.

“பக்கத்துல போனா கத்துது, தொட்டா கோவிச்சுக்குது. எல்லாத்தையும் கிட்ட கொண்டுபோய் ஊட்டணும். வேற என்ன பேரு வைக்கிறது அண்ணி?”

சிரிப்பு ஓய்ந்ததும் சூப்பர்வைசர் விஷயத்தைச் சொன்னார். ஐந்து சமையல்காரர்களில் இனி இரண்டு பேர் போதும். எல்லோருக்கும் பயிற்சி உண்டு, பிறகு சோதனை ஓட்டம். யாருடைய அண்டா நடுவில் நிற்காமல் ஓடுகிறதோ அவர்களுக்கு நாற்காலி. மற்றவர்கள் குளிர் அறையில் குளிரவைத்த சாப்பாட்டைப் பெட்டி கட்டும் வேலைக்குப் போக வேண்டும்.

குளிர் அறை என்றதும் மூக்கக்காவின் கைகள் தாமாக ஏப்ரனுக்குள் போயின. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அங்கே இருந்திருக்கிறாள். விரல் முட்டுகள் வீங்கி, மகளுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அடுப்புப் பக்கம் மாற்றிய பிறகுதான் விரல்கள் மடங்கின. திரும்ப அங்கே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சி தர இயந்திரக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். பொறுமைசாலி. எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்டது போலவே பதில் சொன்னான். திரையில் எந்தப் படத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை மூக்கக்கா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். தொல்லை அங்கே இல்லை. வெங்காயம் வதங்கும் நேரத்தில்தான் வந்தது.

மூடிக்குள் இருந்தாலும் வாசனை கசியத்தானே செய்யும்? அது மூக்கில் ஏறியதும் அவள் எழுந்து மூடியைத் திறந்துவிடுவாள். திறந்த மறு நொடி இரும்புக் கை நிற்கும், நீராவி அடங்கும், மாப்பிள்ளை கத்த ஆரம்பிப்பார். மூடினால் மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாசனை வரும், மறுபடி திறப்பாள். கடைசியில் பார்த்தால் வெங்காயம் கரி.

“தம்பி, உங்க மாப்பிள்ளைக்கு வெங்காயம் வதக்கத் தெரியல. கருக்கிடுது.”

“நீங்க எதுக்கும்மா திறந்தீங்க?”

“கருகற வாசனை வந்துச்சு, திறந்தேன்.”

“நீங்க திறந்த பிறகுதாம்மா கருகுது. மூடி திறந்தா இது பாதியில விட்ட வேலையை முதல்லருந்து ஆரம்பிக்கும். ஏற்கெனவே வதங்கினதை மறுபடி முழுசா வதக்கும்.”

“அப்ப கருகினா பாக்க வேணாமா?”

“திறக்கலன்னா கருகாதும்மா.”

மூக்கக்கா தலையை ஆட்டினாள். காதில் ஏறியது, கைக்கு ஏறவில்லை. மறுநாளும் திறந்தாள், அதற்கு மறுநாளும். கருகியதைச் சுரண்டிச் சாக்கடையில் தள்ளும் வேலையும் அவளுக்கே வந்தது. அதற்குள் நாத்தனார் ஓர் அண்டாவைக்கூட நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலி அவளுக்கென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பேருந்தில் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள். ஒரே கட்டடம், நாத்தனார் மாடியில். அன்று மூக்கக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கற மாதிரிதானே சொல்லப்போற. சொல்லு.”

“குழந்தை தூங்குதான்னு தட்டி எழுப்பிக் கேப்பாங்களா? நீங்க அதைத்தான் பண்றீங்க.”

மூக்கக்கா அவளை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும், “உனக்கு வாசனையே வரலையாடி?” என்று கேட்டாள்.

“எனக்கு எங்க அண்ணி வரும்? வருஷம் முழுக்க மூக்கடைப்பு. அதான் தப்பிச்சேன்.”

சோதனை ஓட்டத்தன்று சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். பையன் ஒரு தூணில் சாய்ந்திருந்தான். பருப்பு சூப், வழக்கமான அளவு. மூக்கக்கா திரையைத் தொட்டாள். எண்ணெய் இறங்கியது, வெங்காயம் இறங்கியது, கை கிண்டத் தொடங்கியது. வாசனை முதலில் பச்சையாக வந்தது, பிறகு இனிப்பாக மாறியது. அதற்குப் பிறகு வந்த வாசனையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். திரையோ இன்னும் நேரம் இருக்கிறது என்றது.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

“என்ன மூக்கக்கா, கையைக் காணோம்?” என்றார் சூப்பர்வைசர்.

“பத்திரமா இருக்கு சார்.”

கண்களையும் மூடிக்கொண்டாள். அது போதாது, மூக்கைத்தான் மூட வேண்டும். அதற்குக் கை வேண்டும். வாயால் மூச்சு விட்டாள். குழாய் திறந்து தண்ணீர் இறங்கும் ‘சொய்ங்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் தோள் தளர்ந்தது.

சூப் வெந்து முடிந்து மூடி தானாகத் திறந்தது. கரண்டியில் எடுத்துப் பார்த்தாள். அவள் கை வதக்கியிருந்தால் ஒரு சாயல் வெளுப்பாக இருந்திருக்கும். சாப்பிடுகிறவர்கள் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“எப்படிம்மா இருக்கு?” என்றான் பையன்.

“நல்லாத்தான் இருக்கு.”

அடுத்து வந்த நாட்களிலும் அவள் கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. இரண்டாவது நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. மற்ற மூவரில் இரண்டு பேர் கம்பளிக் கையுறை வாங்கிக்கொண்டு குளிர் அறைக்குப் போனார்கள். ஒருவர் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டார். போகும்போது தன் துடுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது மூக்கக்கா திரையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிறாள். குழாய்களைக் கழுவுகிறாள். விரல்கள் நன்றாக மடங்குகின்றன. கைகளைத் தொடைக்கு அடியில் வைக்கும் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் மறந்தே போனது. வீட்டுக்கு வந்தால் தலைமுடியில் வெங்காய வாசனை இல்லை என்று மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

ஒரு விடுமுறை நாள். வீட்டு அடுப்பில் பருப்பை ஏற்றி, மூடி போட்டுவிட்டு, மூக்கக்கா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவள்தான் உட்கார்ந்திருக்கிறாளே என்று வேறு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் மகள் அறையிலிருந்து குரல் கொடுத்தாள். பிறகு கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி ஓடி வந்துவிட்டாள்.

“அண்ணி! எனக்கே வாசனை வருது, உங்களுக்கு வரலையா?”

“வந்துச்சு.”

“அப்புறம் ஏன் திறக்கல?”

மூக்கக்கா மூடியைப் பார்த்தாள். அது கத்தவும் இல்லை, தானாகத் திறக்கவும் இல்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். மூடியை எடுத்ததும் புகை கூரை வரை போயிற்று.

“இன்னிக்கு மாப்பிள்ளை லீவு போலிருக்கு” என்றார் கணவர்.

“பேசாம தட்டை எடுங்க” என்றாள் மூக்கக்கா. அடியில் பிடித்ததை விட்டுவிட்டு, மேலாக இருந்ததை மட்டும் கரண்டியால் கவனமாக எடுத்து எல்லோருக்கும் பரிமாறினாள். கருகல் வாசனை அதிலும் இருந்தது. அதைப்பற்றி யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் தன் தட்டில் முதலில் கை வைத்தாள்.