சுடலைராஜ் கூப்பிடாத தோணி

நாகலாபுரத்துச் சுடலைராஜுக்கு உத்தியோகம் கடலோரத்தில், மனசு கரிசக்காட்டில். இருபது வருஷமாகத் துறைமுகத்து வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து, எந்தக் கப்பல் உள்ளே வரலாம், எது வெளியே நிற்கணும் என்று மைக்கில் சொல்லுகிறவர். ஆறு மாடி உயரக் கப்பல்கூட அவர் ‘வா’ என்றால்தான் வரும். வீட்டில் அவர் சொல்லி ஒரு கோழிகூடக் கூட்டுக்குள் போனதில்லை, அது வேறு கதை.

பெரிய கப்பல் கேப்டன்களிடம் இங்கிலீஷில் தேனாகப் பேசுவார். சரக்கேற்றும் மரத்தோணிக்காரர்கள் என்றால் மட்டும் தொண்டை மாறிவிடும். “ஒருக்க நில்லுன்னா நிக்கணும். நான் கூப்பிடுத வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. நச்சரிச்சா கடைசியிலதான் விடுவேன்!” தோணி ஓட்டுகிற தண்டல் வேதமாணிக்கம் இப்படி இரண்டு தடவை ஏச்சு வாங்கியவர். நல்ல மனுஷன். அதற்குப் பிறகு, ஒரு தடவை கேட்டுவிட்டால் பதில் வருகிறவரைக்கும் மறுபடி கூப்பிட்டதில்லை.

போன புரட்டாசியில் சுடலைராஜ் மழையை நம்பி மூணு ஏக்கரிலும் புழுதியிலேயே உளுந்து விதைத்திருந்தார். பதினெட்டு நாளாக ஒரு தூற்றல் இல்லை. விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போகுது என்று மனைவி பூங்கொடி வீட்டில் போதாதென்று வேலை நேரத்திலும் தினமும் போனில் புலம்பினாள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வேதமாணிக்கம் வயர்லெஸில் வந்தார். “அண்ணாச்சி, மேக்க மேகம் கருத்துக்கிட்டு வருது. உள்ள வரட்டா?”

அந்நேரம் ஒரு நிலக்கரிக் கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. வழி குறுகல். “அது போகட்டும், கூப்பிடுதேன். நங்கூரம் போட்டு நில்லுங்க.” அதில் ஒரு தப்பும் இல்லை. மூன்றரைக்குக் கப்பல் தாண்டிவிட்டது. தோணியைக் கூப்பிட மைக்கை எடுக்கப் போனவருக்குப் போன் அடித்தது.

“ஏங்க, மழை! நம்ம காட்டுல கொட்டுது, கேளுங்க!” பூங்கொடி போனை வெளியே நீட்டிவிட்டாள்.

சுடலைராஜ் போனைக் காதில் வைத்தபடி வயர்லெஸ் அறையைவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றார். அங்கே ஊரில் கொட்டகைத் தகரத்தில் மழை சடசடவென்று விழுகிறது. ஐயோ, என்ன சத்தம் அது! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருபது நிமிஷம் நின்று கேட்டார். அதே மழை காற்றோடு கடலுக்கு வந்து சேர்ந்தபோதும், நல்லாப் பெய்யட்டும் என்றுதான் நினைத்தார்.

வெளியே காற்று தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணாச்சி கூப்பிடட்டும் என்று வேதமாணிக்கம் வாயைத் திறக்காமல் நின்றார். உருவிக்கொண்டு ஓடிய நங்கூரக் கயிற்றைப் பிடிக்கப் போன அவர் மச்சினன் ஆண்ட்ரூஸுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

செய்தி தெரிந்ததும் சுடலைராஜ் பதிவேட்டில் எழுதினார்: ‘மூன்று முப்பத்திரண்டுக்குத் தோணியை அழைத்தேன். பதில் இல்லை.’ பாவி மனுஷன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை! விசாரித்த அதிகாரிகள் அந்த வரியை மட்டும் படித்தார்கள். இரண்டு விரலுக்காக வயர்லெஸ் பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க யாருக்கு நேரம்? வயர்லெஸ் செட்டைச் சரியாக வைக்கவில்லை என்று வேதமாணிக்கத்தை மூன்று மாசம் தோணி ஓட்டக்கூடாதென்று நிறுத்தினார்கள்.

உளுந்து அமோகமாக விளைந்தது. பூங்கொடி முதல் உளுந்தில் வடை சுட்டு வைத்தாள். ஒரு வாய் கடித்தவர் தட்டைத் தள்ளிவிட்டார். வயிறு சரியில்லையா என்றாள். ஆமாம் என்றார். அதுவும் பொய். காலையில் வேலைக்குப் போகிற பஸ் எட்டயபுரம் தாண்டும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடணும் என்று நினைப்பார். துறைமுகம் வந்ததும், வேலை போய்விடுமே என்ற பயம் வாயை அடைத்துவிடும்.

தை மாசம் ஒரு காலையில் வயர்லெஸில் அந்தக் குரல் வந்தது. “அண்ணாச்சி, வேதமாணிக்கம் பேசுதேன். அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எங்க செட்டுல விழல. மன்னிச்சுக்கிடுங்க. புதுசு மாட்டியிருக்கேன். கேக்குதா?”

மன்னிப்பு! யார் யாரிடம் கேட்பது! சுடலைராஜுக்கு வெட்கத்தில் உடம்பே எரிந்தது. பக்கத்து நாற்காலியில் மேலதிகாரி ராதாமணி. அதே அலைவரிசையில் காது வைத்திருக்கிற கப்பல்கள் ஒன்பது. மைக்கை அழுத்தினார்.

“பழைய செட்டு நல்லாத்தான் இருந்திருக்கும், தண்டல். அன்னைக்கு நான் கூப்பிடவே இல்ல. ஊர்ல பெய்த மழையைப் போன்ல கேட்டுக்கிட்டு நின்னேன். எழுதினது பொய்.”

ராதாமணி எழுந்துவிட்டார். வயர்லெஸில் ஒருவர் சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லணும், அது கடலில் சட்டம்.

“அன்னைக்கு நீங்க கூப்பிடல,” என்றார் வேதமாணிக்கம். பிறகு, “ஆண்ட்ரூஸ் பக்கத்துலதான் நிக்கான். அவனும் கேட்டுட்டான்.”