உலக்கை தப்பிய காலை

பாக்கே ஐந்து பிள்ளை பெற்றவள். ஐந்து தடவையும் அவள் வாயிலிருந்து ஒரு முனகல் வந்ததில்லை. குழந்தை அழுத பிறகுதான் வீட்டாருக்கே விஷயம் தெரியும்; கொடி அறுக்க ஆள் ஓடும். நிக்கி நகரத்துப் பக்கம், பரிபா இனத்தார் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பேர் கிடையாது. வலிக்கிறது என்று வாய்விட்டவளைச் சந்தையில் மென்று துப்பிவிடுவார்கள். பாக்கேவும் நன்றாகவே மென்றிருக்கிறாள்.

மகன் சாபியின் மனைவி தாதோவுக்கு அது தலைப்பிரசவம். வயிறு கீழே இறங்கியது. மூச்சு வாங்கியவள் சுலபமாக மூச்சுவிட்டாள். நடைதான் வாத்து நடையானது. அடிக்கடி புதர்ப்பக்கம் ஓடினாள். பெருக்கிய முற்றத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். பாக்கே எல்லாவற்றையும் பார்த்தாள். கேட்கத்தான் இல்லை. கேட்டால் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

அன்று காலை இருவரும் ஒரே உரலில் மாற்றி மாற்றி வள்ளிக்கிழங்கு இடித்தார்கள். தாதோவின் உலக்கை தப்பியது.

"என்னடீ, உலக்கை தூங்குது? எம்மவன் ராத்திரி உன்னத் தூங்க விடலியா?"

"ஒண்ணுமில்ல அத்தை. கை வழுக்கிடுச்சு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி தப்பியது. பிறகு இன்னும் சீக்கிரமாக. கை இப்படி முறைவைத்தா வழுக்கும்? பாக்கேவுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. என் மருமகள் என்னை மாதிரியே!

"போ, கொஞ்சம் படு" என்றாள், அவ்வளவுதான்.

தாதோ நடந்த வழியெல்லாம் மண் நனைந்தது. அந்த ஈரம் தெளிவாக இல்லை, பச்சையாக இருந்தது. அது நல்லதுக்கில்லை என்று பாக்கேவுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சாபியின் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. பாக்கே காலால் மண்ணைத் தள்ளி ஈரத்தை மூடினாள், யார் கண்ணிலும் படக்கூடாதென்று. பிறகு அறை வாசலில் உட்கார்ந்து அழுகுரலுக்காகக் காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. குழந்தை அழவேயில்லை.

"பொண்ணு எவ்வளவு தைரியசாலி, சத்தமே போடலியே" என்று ஊர் பாராட்டியது. பாக்கே அந்தப் பாராட்டை ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை. தன்னையும்தான்.

அதற்குப் பிறகு வயிறு தள்ளிய எவளைப் பார்த்தாலும் நடுச்சந்தையில், "வலிக்குதாடீ? இடுப்பா, அடிவயிறா?" என்று கேட்பாள். கிழவிக்கு வெட்கம் போய்விட்டது என்று சிரிப்பார்கள். தாதோ மறுபடி உண்டானபோது அவளையும் விடாமல் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றே தாதோ சொல்லிவந்தாள்.

ஒருநாள் இடித்துக்கொண்டிருக்கும்போது அவள் உலக்கை நின்றது. பாக்கே தன் உலக்கையை வீசி எறிந்தாள்.

"வலிக்குதா? வாயத் தொறந்து சொல்லேண்டி!"

"வலிக்குது. அன்னிக்கும் இப்படித்தான் வலிச்சுது. நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

பாக்கே வாசலுக்கு ஓடினாள். வண்டியை எடுக்கச் சொல்லி ஊரே திரும்பிப் பார்க்கும்படி சாபியைக் கத்தி அழைத்தாள். தாதோவைத் தூக்கி உட்கார வைக்கக் கை நீட்டினாள். தாதோ அந்தக் கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள். பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள நாத்தனாரைக் கூப்பிட்டாள்.