பி.பி. அக்கா ஒப்புக்கொண்ட தப்பு

செவ்வாய்க்கிழமை காலை, செங்கல்பட்டு நீதிமன்ற வாசல் டீக்கடையில் நின்றிருந்தேன். என் குமாஸ்தா ஓடி வந்து, "சார், எஸ்தர் அம்மா போய்ட்டாங்களாம்" என்றார். "எந்த கோர்ட்டுக்கு?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

மாவட்ட அரசு வழக்கறிஞராக, அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டராக, இருந்த எஸ்தர் அம்மா எங்களுக்கெல்லாம் பி.பி. அக்கா. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய எனக்கு மட்டும் அப்போது எதிர்த்தரப்பு. அவரோடு நான் மல்லுக்கட்டாத வாரம் கிடையாது. "கத்தாத தம்பி, ஜட்ஜய்யாவுக்குக் காது நல்லாத்தான் கீது" என்பார். நீதிமன்றமே சிரிக்கும், நானும்தான்.

வேலு வழக்கில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்காரர் கடலுக்குப் போகும் பாதையை வேலி போட்டு அடைத்தார். அதில் நடந்த அடிதடியில் காவலாளிக்கு மண்டை உடைந்தது. ஊர்க்காரர்களோடு வேலு பெயரையும் சேர்த்துக் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். மறைமலைநகர்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் வேலு. "அன்னிக்கு நான் ஷிப்ட்ல இருந்தேன் சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜாமீன் கேட்டேன். அக்கா கடுமையாக ஆட்சேபித்தார். மனு தள்ளுபடியானது. அதன் பிறகு அவர் வணக்கம் சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாவது மனு விசாரணைக்கு வந்தபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா எழுந்து ஒரு தாளை நீட்டினார். வேலுவின் அன்றைய ஷிப்ட் வருகைத் தாள். போலீஸே வாங்கி, வழக்குக் கட்டின் அடியில் செருகி வைத்திருந்த தாள் அது.

"போன தடவை நான் கட்டை முழுசாகப் படிக்கவில்லை. ஆட்சேபித்தது என் தப்பு. இப்போது ஆட்சேபணை இல்லை" என்றார்.

வேலுவுக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே ரிசார்ட்டுக்காரரின் மைத்துனர் காத்திருந்தார், ஆளுங்கட்சிப் பிரமுகர்.

"இன்னாக்கா, நம்ம ஆட்சியில நீயே இப்படிப் பண்ணிக்கினு கீறியே? போஸ்ட்டு வோணாவா?"

"போஸ்ட்டு நீங்க குடுத்தது நைனா, எடுத்துக்கோங்க. அந்த ஆளு பத்தொம்போது நாளு உள்ள கெடந்தது என்னால. அத்த யாரு குடுக்கறது?"

இரண்டு மாதத்தில் பதவி போனது. அவருக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மறுநாளே எங்கள் தரப்பு வக்கீல்கள் உட்காரும் பெஞ்சுக்கு வந்து, "தள்ளிக் குந்து தம்பி, எனக்கும் எடம் வோணும்" என்றார். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து நடத்திய வழக்குகளும், நான் பங்கு கேட்டுச் சாப்பிட்ட அவருடைய நெத்திலிக் குழம்பும் ஏராளம். என் தொழில் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவை.

மதுராந்தகத்தில் அடக்கத்துக்கு வேலு கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். பெட்டிக்குத் தோள் கொடுத்தார். "உள்ள வெச்சவங்க யாரு சார் வந்து தப்புன்னு சொல்லிக்கீறாங்க? இவுங்க சொன்னாங்க" என்று அழுதார். நானும் அழுதேன்.

சென்ற வருடம்தான் அக்கா இருந்த அந்த அரசு வழக்கறிஞர் நாற்காலி எனக்கு வந்தது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்: வழக்குக் கட்டைக் கடைசித் தாள்வரை படிக்காமல் பேனாவைத் திறப்பதில்லை. அடக்கத்துக்கு மறுநாள், ஒருவரின் ஜாமீன் மனுவுக்குப் பதில் வாங்க இன்ஸ்பெக்டர் வழக்குக் கட்டோடு வந்தார்.

"ஆட்சேபணைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், டைம் ஆவுது."

"குந்துங்க" என்றேன். "இன்னும் படிச்சு முடிக்கல."