பஹாம் சொல்லாத வாசுகி

மலேசியாவில், சிகாமட் ஊரில் ராஜசேகரன் சாரின் டியூஷன் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் சார் மார்க்கரை மூடிக்கொண்டே "பஹாம்?" என்பார். புரிந்ததா என்று மலாயில் கேட்கிறார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "பஹாம், சார்" என்பார்கள். புரிந்தவன் சாதாரணமாகச் சொல்வான். புரியாதவன் அவனைவிடச் சத்தமாகச் சொல்வான். பள்ளிக்கூடத்திலும் இதே கச்சேரிதான். இந்த நாட்டில் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அந்த வகுப்பில் போன சித்திரையில் வந்து சேர்ந்தவள் வாசுகி. வயது முப்பத்தாறு. சுற்றியிருந்ததெல்லாம் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள், பதினேழு வயசு. அவள் நுழைந்ததும் யாரோ ஒருத்தனின் அம்மா வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாவது சனிக்கிழமை, சார் வழக்கம்போல "பஹாம்?" என்று கேட்க, கச்சேரி முடிந்த பிறகு தனியாக ஒரு குரல் வந்தது.

"இல்ல சார். எனக்குப் புரியல."

சார் மார்க்கரை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அந்த வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

வாசுகி ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைப்பாள், சோறு ஊட்டுவாள், டீச்சர் வராத நாளில் பாட்டும் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் டீச்சர் என்று அவளை யாரும் கூப்பிடக் கூடாது. அதற்கு டிப்ளோமா வேண்டும். டிப்ளோமா தரும் கல்லூரி, பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணக்குக்கு கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, கேட்டது. வாசுகி பள்ளியை முடித்தபோது எல்லாப் பாடத்திலும் எப்படியோ கரையேறிவிட்டு, கணக்கில் மட்டும் மூழ்கிப்போனவள். அதனால் வருஷக் கடைசியில் தனித்தேர்வராக அந்த ஒரு தாளை மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்தாள்.

"இந்த வயசுல உனக்கு என்னத்துக்குடி கணக்கு?" என்றான் அவள் புருஷன் செல்லப்பன். லாரி ஓட்டுகிறவன், கெட்டவன் இல்லை.

"இந்த வயசுலயும் தெரியலயே, அதுக்குத்தான்" என்றாள்.

அவள் ஏன் தோற்றாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மூளை குறைச்சல் இல்லை. ஐந்து வருஷம் எல்லாரோடும் சேர்ந்து "பஹாம், சிக்கு" என்று, புரிந்தது டீச்சர் என்று, கத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. தேர்வுத் தாளில் அந்தக் கத்தலுக்கு மார்க் போட இடம் இல்லை. இனிமேல் புரியாததைப் புரிந்தது என்று செத்தாலும் சொல்வதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டுதான் அவள் சாரின் டியூஷன் மாடிப்படியை ஏறினாள்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சார் திருப்பிச் சொன்னபோது, தங்களுக்கும் அப்போதுதான் புரிகிறது என்று அவர்களுக்கே தெரிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் ஒருபடி மேலே போய் இன்னொருத்தி வாயை இரவல் வாங்கிப் பிழைக்கப் பார்த்தார்கள்.

"அக்கா, நாலாவது கணக்கு எப்படின்னு கேளுங்க லா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று பின்னாலிருந்து லோஷினி கிசுகிசுப்பாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் அவள். கேள்வி கேட்டால் அந்தப் பேர் என்ன ஆவது?

ரூபேந்திரன் இருக்கிறானே, அவன் தன் சந்தேகத்தைக் கைப்பேசியில் தட்டி அவளுக்கே அனுப்பிவிடுவான். வாசுகி எல்லாருடைய அறியாமையையும் தன் தலையில் சுமந்துகொண்டு கையைத் தூக்குவாள். சார் கண்ணுக்கு அவள் ஒருத்திதான் மந்தம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சார் அவளை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க வாசுகி. வருஷக் கடைசிக்குள்ள நான் சிலபஸ் முடிக்கணும். உங்க ஒருத்தருக்காக வகுப்பு முழுக்கக் காத்திருக்கு. ஞாயித்துக்கிழமை அடிப்படை வகுப்பு இருக்கு. அங்க போயிடுங்க."

"அங்க கூட்டல் கழித்தல்தானே சார் நடக்குது. பரீட்சையில வர்றது இங்கதான நடக்குது."

"அப்படின்னா இங்க உக்காந்து கேளுங்க. கேள்வி வேணாம். இன்னொரு தடவை வகுப்பை நிறுத்தினா, என்னால உங்களை இந்த வகுப்புல உக்கார வைக்க முடியாது."

தமிழும் மலாயும் கலந்து ஐந்தாம் படிவக் கணக்குச் சொல்லித்தர அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. இந்த நாற்காலி போனால் கிரெடிட்டும் போனது மாதிரிதான். வாசுகி படியிறங்கும்போது கோபத்தில் அவள் காது சூடாகியிருந்தது. பாதிக் கேள்வி அவளுடையதே இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். பதினேழு வயசுப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பிப்பதா என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் லோஷினி முதுகைச் சுரண்டினாள். "அக்கா, இதையும் கேட்டுடுங்க."

வாசுகி திரும்பினாள். "உன் கேள்விக்கு உன் வாய். என் வாய் இனிமே எனக்கு மட்டும்தான்."

அன்று பாடம் சமனிலிகள். சார் மளமளவென்று போட்டுக்கொண்டு போனார். ஓர் இடத்தில் இரண்டு பக்கத்தையும் மைனஸால் பெருக்கினார். பெரியது என்ற குறியைச் சட்டென்று சிறியது என்று திருப்பிப் போட்டார். "மைனஸ் வந்தா குறி திரும்பும். ரூல். பஹாம்?"

"பஹாம், சார்."

வாசுகியின் கை மடியில் கிடந்தது. பேசாமல் இருந்தால் நாற்காலி மிஞ்சும். நாற்காலி மட்டும்தான் மிஞ்சும். பள்ளியில் ஐந்து வருஷமும் நாற்காலி மிஞ்சத்தான் செய்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"குறி ஏன் சார் திரும்பணும்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் என்ன சொன்னேன்? எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. புரியாதவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. லோஷினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? நீங்க ஒருத்தர்தான். பையை எடுத்துக்கோங்க."

வாசுகி எழுந்தாள். பையையும் எடுத்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"போறேன் சார். ஆனா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கே, யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லட்டும். கேட்டுட்டு இப்பவே போயிடறேன்."

நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லாமல் சார் கையை நீட்டினார். "லோஷினி, நீ சொல்லு."

லோஷினி எழுந்தாள். "அது... ரூல், சார்."

"ஏன்னு கேக்கறாங்க."

"தெரியல சார்."

"ரூபேந்திரன்?"

"அலமாக்" என்று மலாயில் ஓர் ஐயையோ போட்டான் ரூபேந்திரன், எழுந்திருக்காமலே. "எனக்கும் தெரியாது சார்."

சார் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. கடைசி வரிசை வந்தபோது அவர் குரலில் அதட்டல் இல்லை. இத்தனை காலம் தான் கேட்டு வந்த கச்சேரி என்ன என்பது அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவர் பலகையைத் துடைத்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இது நம்ம ஊர் பாலம். இது பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. பாலத்துக்கு மேல மூணு மீட்டர், ரெண்டு மீட்டர். எது உயரம்?"

"மூணு."

"இப்ப ஆத்துப் பக்கம் கீழ வாங்க. மைனஸ் மூணு, மைனஸ் ரெண்டு. தண்ணி ஏறினா எது முதல்ல முழுகும்?"

வாசுகி யோசித்தாள். வெள்ளம் பார்க்காத ஆளா அவள்? மேலே உயரமாக இருந்த மூன்று, கீழே வந்ததும் இரண்டுக்கும் அடியில் கிடந்தது. பாலத்துக்கு மறுபக்கம் போனதும் பெரியது சிறியதாகிவிட்டது. குறியும் அதனால்தான் திரும்புகிறது. யாரும் அதைச் சும்மா திருப்பிப் போடவில்லை.

சார் மார்க்கரை மூடினார். பழக்கதோஷத்தில் அந்தச் சொல் வந்தது. ஆனால் இந்த முறை அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பஹாம்?"

கச்சேரி எழவில்லை. பின்னாலிருந்து லோஷினியின் குரல் மட்டும், சன்னமாக. "இல்ல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்கும் சார்" என்றான் ரூபேந்திரன். அங்கங்கே கைகள் எழுந்தன.

சார் வாசுகியைப் பார்த்தார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பஹாம், சார்" என்றாள். இந்த முறை அந்த வகுப்பில் அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.